சங்கு கேட்காத வீடு

பெக்டரிச் சங்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை ஊதும். காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை நாலரைக்கு ஒன்று. கொடகவெலக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்கள், வேலையை விட்டு இறங்குவார்கள். கீழ்ப்பிரிவில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருந்த மருதாயி மட்டும் சங்கு ஊதினால் முதலில் நாய்களுக்குச் சோறு வைப்பாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் கடிகாரம் இல்லாமல் இல்லை. புருஷன் காத்தமுத்து உயிரோடு இருந்தபோது வாங்கி மாட்டியது சுவரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாய்க்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்பாள் மருதாயி. "நாலு நாயி நாலு நேரத்துக்குக் கத்தினா நான் எப்புடி பெரட்டுக்குப் போறது? சங்கு ஊதினா சோறு. ஊதலையா, சும்மா கெட." இதை அவள் மனிதர்களிடம் சொன்னதைவிட நாய்களிடம் சொன்னதுதான் அதிகம். வந்த ஒரு வாரத்துக்குள் அவையும் புரிந்துகொண்டுவிடும். சங்கின் முதல் இழுப்பு காதில் விழுந்ததும் எங்கே கிடந்தாலும் ஓடிவந்து வாசலில் வரிசையாக நிற்கும். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை அப்படி நிற்க வைக்கக் கணக்கப்பிள்ளையால் ஒருநாளும் முடிந்ததில்லை.

அவை எதுவும் அவளாகத் தேடி வளர்த்தவை அல்ல. ஊரார் கொண்டுவந்து கொட்டியவை. பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. டவுன் பக்கத்து ஆட்களுக்குத் தங்கள் வீட்டு நாய் பெட்டைக் குட்டி போட்டுவிட்டால் அந்தப் பாலம்தான் ஞாபகத்துக்கு வரும். குட்டிகளை பிஸ்கட் பெட்டியில் அடைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொன்ற பாவம் நமக்கில்லை என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள். சில மகராசிகள் பெட்டிக்குள் ஒரு பன்னையும் போட்டு வைத்திருப்பார்கள். கண் திறக்காத குட்டிக்குப் பன்! அந்தப் பன்னைப் பார்க்கும்போதெல்லாம் மருதாயிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொழுந்து பறிக்கப் போகும் வழி அது. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். குற்றம் சொல்ல முடியாது, அவரவர் பிள்ளைக்குச் சோறு போடுவதே பெரும்பாடு. மருதாயியாலும் நடந்துபோய்விட முடிந்திருந்தால் எத்தனையோ வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். மனசு கேட்கவில்லை. கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றும் படங்குத் துணியில் குட்டிகளை முடிந்துகொண்டு வருவாள். காத்தமுத்து தலையில் அடித்துக்கொண்டு, "இந்த வீட்டுல நாந்தான் விருந்தாளி" என்பான். சொல்லிவிட்டு, அடுப்படியில் சாக்கை விரித்து இடம் பண்ணுவதும் அவன்தான். அவன் செத்து நாலு வருஷமாகிறது. அவன் விரித்த சாக்கு அதே இடத்தில்தான் கிடந்தது.

வைத்துக்கொள்ள அவளால் முடியாது, அது அவளுக்கே தெரியும். பால் மறக்கும் வரை, சொறி ஆறும் வரை, கொடகவெலயில் கருத்தடை ஆபரேஷன் முகாம் போடும் வரைதான் அவளுடைய பொறுப்பு. பெட்டை நாய்க்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றால் ஆட்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள். ஆள் தேடிக் கொடுப்பது கொடகவெலயில் பலசரக்குக் கடை வைத்திருந்த நிஸார். உடைந்த அரிசியும் கருவாட்டுத் தூளும் அவளுக்கென்று ஒதுக்கி வைப்பவரும் அவர்தான். கடை வாசலுக்குக் குட்டியைக் கொண்டுபோனால் தன் போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புவார்.

"மருதாயக்கா, நாயத் தொட எனக்கு ஏலாது. போட்டோ புடிக்க ஏலும். அதக் கொஞ்சம் இந்தப் பக்கம் பாக்கச் சொல்லுங்க."

"அது ஒங்க கருவாட்டப் பாக்குது மொதலாளி. போன கருவாட்டுக்கிட்ட வைங்க."

இப்படியே முப்பது குட்டிகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தன. எதற்கும் அவள் பேர் வைக்கவில்லை. எல்லாமே 'குட்டி'தான். கொண்டுபோகிறவர்கள் பேர் வைக்கட்டும், அப்போதுதான் நாய் அவர்களுடையதாகும் என்பாள். கொடுக்கும்போது சொல்லும் வார்த்தைகளும் மாறாதவை. மூன்று நாள் கட்டிப் போடுங்க. உங்க கையாலேயே சோறு வைங்க. மூணு நாள் போனா பழகிரும்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சங்குச் சத்தம் கேட்கும் தூரத்தில் யாருக்கும் கொடுக்கமாட்டாள். பட்டுத் தெரிந்துகொண்டது அது. முதன்முதல் கொடுத்த செவலைக் குட்டியை மேற்பிரிவில் ஒரு நல்ல வீட்டில்தான் விட்டாள். சங்கு ஊதினால் போதும், கட்டிய கயிற்றையும் அறுத்துக்கொண்டு இறங்கி வந்துவிடும். அங்கே சோறு வைத்தாலும் தின்னாது. சங்கு என்றால் மருதாயி கைச் சோறு என்று அவள்தானே படித்துக்கொடுத்தாள்? இரண்டு மாதம் மேலும் கீழும் அலைந்து, ஒருநாள் கொழுந்து லொறியில் அடிபட்டுச் செத்தது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. அதற்குப் பிறகு பெல்மதுளை, இரத்தினபுரி, எம்பிலிப்பிட்டிய என்று தூரமாகத்தான் எல்லாம் போயின. சங்கு கேட்காத வீடா என்று விசாரித்த பிறகுதான் கொடுப்பாள். நிஸாருக்கே அது மனப்பாடம்.

பேர் வைத்தது ஒன்றே ஒன்றுக்கு. அது குட்டியாக வரவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் முன்கால் மாட்டி, பாலத்துக்குக் கீழே ஓடையோரம் கிடந்தது. காலில் பாதி போய்விட்டது. உயிர் மட்டும் போகவில்லை. லயத்துப் பிள்ளைகள் நொண்டி என்று கூப்பிட்டார்கள். மருதாயிக்கு அது பிடிக்கவில்லை. தரையில் போட்டால் தின்னாமல், அவளுடைய நசுங்கிய அலுமினியத் தட்டில் வைத்தால்தான் வாய் வைக்கும் அந்த நாய்க்குச் சீமாட்டி என்று பேர் வைத்தாள். முதலில் கேலிக்குத்தான். யாரும் கேட்டு வராததால் பேர் நிலைத்துவிட்டது, நாயும் நிலைத்துவிட்டது. ஆறு வருஷம். காத்தமுத்து போன பிறகு அந்தக் காம்பராவில் மருதாயி பேசியதெல்லாம் சீமாட்டியிடம்தான்.

இந்த வருஷம் மே மாத மழை பெய்த விதத்தில் மேற்பிரிவு லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டது. பதினொரு குடும்பத்தைப் பாடசாலையில் கொண்டுவந்து அடைத்தார்கள். மருதாயிக்கு வேலை முடிந்து இரண்டு வருஷம். மகள் நிரோஷா கேகாலையில் புருஷனோடு இருக்கிறாள். வேலைக்குப் பேர் பதிந்தவர் யாரும் இல்லாத காம்பரா தோட்டத்துக்குத் திரும்பவேண்டும் என்பது பழைய சட்டம். கணக்கப்பிள்ளை கஜேந்திரன் நேரில் வந்தார். வாசலில் நின்று குடையை மடக்கினார், விரித்தார், திரும்ப மடக்கினார்.

"மருதாயக்கா, சொல்றதுக்கே வாய் வர மாட்டேங்குது. சுமித்ரா குடும்பம் மூணு புள்ளைகளோட பள்ளிக்கூடத்துத் தரையில படுத்துக் கெடக்குது."

"வாய் வராட்டிப் பரவாயில்லைங்கய்யா. குடை நனைஞ்சு போயிருக்கு, உள்ள வாங்க" என்றாள் மருதாயி. "மாசக் கடைசியில போயிர்றேன். மழையில புள்ளைங்க கெடக்குறப்ப நான் என்னத்தச் சொல்ல?"

பேச்சில் குறை வைக்கவில்லை. அவர் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். காம்பராவுக்காகவா, தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த மூன்று காலுக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நிரோஷா இருப்பது வாடகை வீடு. மேலே வீட்டுக்காரர், கீழே இவர்கள், நாய் என்ற பேச்சுக்கே இடமில்லை. குட்டிகள் எல்லாம் போய், அவளிடம் மிச்சமிருந்தது சீமாட்டி மட்டும்தான்.

மூன்று வாரத்தில் நிஸார் அதற்கு ஒரு வீடு கண்டுபிடித்தார். இரத்தினபுரியில் ஒரு மாஸ்டர். வயதான நாய், நொண்டி நாய் என்று தெரிந்தே கேட்டார். மதில் கட்டிய வளவு. சங்கும் கேட்காது. இதைவிட நல்ல இடம் அவள் கொடுத்த முப்பதில் ஒன்றுக்குக்கூட அமைந்ததில்லை.

மருதாயி வேண்டாம் என்றாள்.

கால் இல்லாத நாய், அவ்வளவு தூரம் வண்டியில் போகாது என்றாள். மாஸ்டர் வீட்டில் மாடிப்படி இருக்குமே என்றாள். நிஸார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நீங்க குடுத்த நாய் எத்தன இரத்தினபுரிக்கே போயிருக்கு" என்றார். சீமாட்டியாவது அந்தச் சங்கைக் கேட்டுக்கொண்டு அந்த மண்ணில் இருக்கட்டும் என்று அவளுக்கு ஆசை. தான் இல்லாத இடத்தில் தன்னுடையது ஒன்று இருக்கவேண்டும் என்ற ஆசை. அடுத்தவருக்கு முப்பது முறை சொன்ன புத்தி தனக்கென்று வந்தபோது எங்கே போனதோ, போய்விட்டது.

பாலத்துக்குப் பக்கத்தில் குசுமா வீடு. தோட்ட எல்லையில் கொஞ்சம் சொந்தத் தேயிலை வைத்திருக்கும் சிங்களப் பெண், பிள்ளை குட்டி இல்லாத விதவை. ஞாயிற்றுக்கிழமைகளில் மருதாயி அவளுக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்திருக்கிறாள். நங்கி, அக்கே என்று தங்கை அக்கா முறையில் பழகிய பழக்கம். குசுமா சந்தோஷமாகவே நாயை வாங்கிக்கொண்டாள். வழக்கமான வார்த்தைகளை மருதாயி சிங்களத்தில் சொன்னாள். மூன்று நாள் கட்டிப் போடுங்க, பழகிரும். சங்கைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

கேகாலையில் எந்தக் குறையும் இல்லை. மருமகன் சுமன் தங்கமான பையன், வேலை விட்டு வரும்போது மாமியாருக்கென்று ஏதாவது வாங்காமல் வரமாட்டான். ஆனாலும் காலை ஆறு மணிக்கு அவள் எழுந்து நிற்பாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பாள். பஸ் சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும்.

"மூணு நாள் போனா பழகிரும்மா" என்றாள் நிரோஷா.

மருதாயி திரும்பி மகள் முகத்தைப் பார்த்தாள். தன் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வேறு என்ன சொல்லும்?

மூன்றாவது வாரம் புதன்கிழமை, சுமனின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது.

"அக்கா, ஒங்க காம்பராவுல இருக்கிற சுமித்ரா பேசுறேங்க. ஒங்க நாயி சங்கு ஊதினா ரெண்டு வேளையும் இங்கதாங்க வந்து நிக்குது. நான் சோறு வச்சேன், திங்கல. குசுமா அக்கா வீட்டுலயும் திங்கிறதில்லையாம். கதவையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு, எலும்பும் தோலுமா. சின்னவன் பயந்து அழுவுறான். எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழம சாக்குல போட்டுக் கொண்டுபோயி தூரமா எங்கயாச்சும் விட்டுட்டு வர்றேங்கிறாரு. எனக்கு மனசு கேக்கல, அதான் கூப்புட்டேன்."

மருதாயி போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சாக்கு. ஓடையோரத்திலிருந்து தூக்கி வந்ததைத் திரும்பவும் ஏதோ ஒரு பாலத்தில் கொண்டுபோய்க் கொட்டப் போகிறார்கள். அதற்கு வழி பண்ணியது வேறு யாருமில்லை, அவள்தான். இரத்தினபுரி மாஸ்டரை நிஸாரிடம் விசாரித்தாள். அவருக்கு வேறு நாய் கிடைத்துவிட்டது.

வியாழன் காலையில் மூன்று பஸ் மாறிப் புறப்பட்டாள். வழி முழுக்க ஒரே யோசனை. சங்கை நாய்க்கு மறக்கடிக்க முடியாது. சங்கு ஊதினால் எந்தக் கையைப் பார்க்கவேண்டும் என்பதைத்தான் மாற்றவேண்டும். படித்துக்கொடுத்தவள்தான் அதையும் மாற்றிப் படித்துக்கொடுக்க வேண்டும்.

நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கதவுக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்கள். சங்கு ஊதியது. கீழே தேயிலைக்குள்ளிருந்து சீமாட்டி தத்தித் தத்தி ஏறி வந்தது. பாதி வழியில் அவளைக் கண்டது. கத்தவில்லை, குதிக்கவில்லை. நின்ற இடத்திலேயே அப்படியே படுத்துவிட்டது, அதற்கு மேல் நடக்கத் தெம்பில்லாததுபோல. மருதாயிதான் ஓடினாள். மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, "ஏண்டி தின்னல? ஏண்டி தின்னல?" என்று வாய்விட்டு அழுதாள். சுமித்ராவின் பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

காம்பராவில் விட்டுப்போயிருந்த நசுங்கிய தட்டைச் சுமித்ரா கழுவி வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு, நாயைத் தோளில் போட்டுக்கொண்டு, மருதாயி குசுமா வீட்டுக்கு இறங்கினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "தப்பு என்னுடையது நங்கி. சங்கு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை என்னை இங்கே இருக்க விடுங்கள்." குசுமா கோபப்படவில்லை. ஒரு பாயைத் தட்டி விரித்தாள்.

அன்றைக்குக் குசுமா வீட்டு முற்றத்தில் மருதாயி கையால் சோறு. வெள்ளிக்கிழமை இரண்டு சங்குக்கும் அதே முற்றம், அதே இடம், அதே கை. நாய் தட்டை வழித்து நக்கியது. குசுமா சிரித்தாள், மருதாயிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையால் தின்பதில் வேலை முடியாது என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை தட்டைக் குசுமா கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சீமாட்டி தட்டைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. "என்னயப் பாக்காத. அங்க பாரு" என்று குசுமா பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டாள். நாலு முறை திருப்பினாள். ஐந்தாவது முறை நாய் அந்தக் கையிலிருந்து ஒரு வாய் வாங்கியது. சாயங்காலம் முழுத் தட்டும் தின்றது.

ஞாயிறு காலை மருதாயி சமையலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். சங்கு ஊதியது. வெளியே குசுமா கூப்பிடுவது கேட்டது. நாய் முற்றத்தைச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக் கதவுக்கு வந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் மருதாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழ் இடுக்கில் மூக்கு தெரிந்தது. ஈர மூக்கு, ஆறு வருஷமாகக் காலையில் அவள் காலைத் தொட்டு எழுப்பிய மூக்கு. குனிந்து ஒரு விரல் நீட்டினால் போதும், எல்லாம் கெட்டுப்போகும். இரண்டு கையையும் சேலைக்குள் முடிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூக்கு போனது. பிறகு அலுமினியத் தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது. குசுமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அக்கே, சாப்பிட்டுவிட்டாள்!" என்றாள். மருதாயி அடுப்பு ஊதுகிறவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்பில் தீ இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள். கட்டிப் போடட்டுமா என்று குசுமா கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். சங்கு ஊதினால் நாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் போனால் அவள் கண் மூடாது. சீமாட்டி பின்னாலேயே தத்தி வந்தது. அவளும் விரட்டவில்லை. பஸ் வரும் வரை அவள் காலடியில் படுத்திருந்தது. தலையைத் தடவலாமா கூடாதா என்று கை தவித்தது. தடவவில்லை.

நாலரை. சங்கு ஊதியது.

சீமாட்டி எழுந்து நின்றது. பாலத்திலிருந்து ஒரு பாதை லயத்துக்கு ஏறும், ஒன்று குசுமா வீட்டுக்குப் போகும். நாய் மருதாயியின் வெறுங்கையைப் பார்த்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அது லயத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தது. பிறகு குசுமா வீட்டுப் பாதையில் திரும்பி, மூன்று காலில் தன்னால் முடிந்த வேகத்தில் ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை. பழகிய நாய் திரும்பிப் பார்க்காது, அதற்குப் பசி.

அவள் வந்த காரியம் நடந்துவிட்டது. சந்தோஷப்பட்டாள், அது பொய்யில்லை. ஆனால் சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடந்த கால்கள் தாமாகவே லயத்துப் பாதையில் நாலு எட்டு வைத்துவிட்டன. நீலக் கதவு ஞாபகம் வந்து நின்றாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று நாய்க்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் பையன் அவளைக் கைபிடித்து ஏற்றி, வீட்டுக்கா அம்மா என்று சிங்களத்தில் கேட்டான்.

"இல்ல தம்பி, கேகாலைக்கு" என்றாள் மருதாயி.